அழுத்தினால் மறையும் சிவப்பு

வெயிலுக்குத் தடவும் சன்ஸ்கிரீன் க்ரீம் சோதனைக்கூடத்தில் அவளுக்குக் 'கெக்கெக்கே' என்று பட்டப்பெயர். எதற்கெடுத்தாலும் சிரிப்பு. ஏற்கெனவே இரண்டு வேலை சிரித்தே போய்விட்டது. "சோதனை அறைக்குள்ள இன்னொரு தடவை சிரிச்சே, வேலை நிரந்தரம் ஆகாது" என்று மேனேஜரும் சொல்லிவிட்டார். இதுவும் போனால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பாள்?

வேலை இதுதான். ஒருவர் முதுகில் சின்னச் சின்னக் கட்டம் போட்டு, சிலவற்றில் க்ரீம் தடவி, எல்லாவற்றிலும் புற ஊதாக் கதிர் காட்டுவார்கள். மறுநாள் தோல் எவ்வளவு சிவந்திருக்கிறது என்று மீட்டர் வைத்து அளக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் ஆளுக்கொன்று சொல்வார்கள். மீட்டருக்கு ஓரவஞ்சனை கிடையாது.

அன்று குப்புறப் படுத்திருந்தவர் ஒரு பஸ் ஓட்டுநர். ஆள் மலை மாதிரி. மீட்டரின் நுனி பட்டதும், "ஐயோ, கூசுதும்மா!" என்று கட்டில் அதிரத் துள்ளினார். அவளுக்கு வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு குபுகுபுவென்று கிளம்பியது. உதட்டைக் கடித்து, மூச்சைப் பிடித்து, மீட்டரையும் ஓங்கி அழுத்தி, ஒருவழியாக அளந்து முடித்தாள்.

அவள் அளவு குறித்த தாளைப் பார்த்த மேனேஜருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"சிவப்பே இல்லையேம்மா! நம்ம க்ரீம் ஜெயிச்சிடுச்சு!"

முதலாளிக்குப் போன் போட ஓடினார். க்ரீமே தடவாத கட்டத்திலும் சிவப்பு இல்லையென்று தாளில் இருந்ததை, அந்தக் குஷியில் அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். அழுத்தினால் ரத்தம் ஒதுங்கிவிடும், சிவப்பும் ஓடிவிடும். தான் மீட்டரை ஓங்கி அழுத்தியது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிலைக்கும். ஆனால் இந்த க்ரீமை நம்பி வெயிலில் நிற்கப்போகிறவர்களை நினைத்ததும் மனசு கேட்கவில்லை.

"சார், போன் போடாதீங்க. சிரிப்பை அடக்கப்போய் மீட்டரை அழுத்திட்டேன். எல்லாம் தப்பு."

"உனக்கு அளக்கவே தெரியல, கொடு இப்படி!"

மேனேஜரே மீட்டரை வாங்கி, இன்னும் படுத்திருந்த ஓட்டுநரின் முதுகில் வைத்தார். அவர் 'ஹீஹீ' என்று நெளிந்தார். மேனேஜரின் மீசை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவரும் ஓர் அழுத்து அழுத்தினார். எண் மளமளவென்று இறங்கியது.

அவ்வளவுதான், மூன்று பேரும் வெடித்துவிட்டார்கள். மேனேஜர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளில் குறுக்கே கோடு போட்டார்.

"இனிமே நீதான் அளக்கணும். சிரிப்பு வந்தா மீட்டரை எடுத்துடு. நல்லா சிரிச்சு முடிச்சுட்டு, அப்புறம் வை."

"அப்ப வேலை, சார்?"

"அதைத்தானேம்மா சொல்றேன்."

அவளுக்கு அப்போது பார்த்துச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது.