நான் ஓட்டாத போர் விமானம்

விமானப்படையில் பறக்கிறவர்கள் கொஞ்சம் பேர், அவர்களுக்காகத் தரையில் கிடந்து அல்லாடுகிறவர்கள் மிச்சப் பேர். நான் மிச்சத்தில் ஒருவன். போர் விமானிகளின் பாராசூட்டைப் பிரித்து, சோதித்து, மறுபடி மடித்துக் கட்டி, விமானி வந்து பார்க்கும் அட்டையில் கையெழுத்துப் போடுவது என் உத்தியோகம். இருபது வருஷம் அதைத்தான் செய்தேன். செய்யாத வேலைக்கு ஊரில் பேர் வாங்கி முழித்துக்கொண்டிருக்கும் அன்பர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம் கஷ்டம் ஒன்றுதான்.

மேகம் தள்ளும் உத்தியோகம்

முதல் லீவில் எட்டயபுரம் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தபோது, பஸ்ஸை விட்டு இறங்கும் முன்பே நான் போர் விமானி ஆகியிருந்தேன். 'ஏர்ஃபோர்ஸ்' என்றால் பிளேன் ஓட்டுவது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. "நான் பாராசூட் மடிக்கிறேன்" என்று திருத்திப் பார்த்தேன். "எம்புட்டு அடக்கம் பாரு" என்றார்கள். இரண்டாவது லீவில் நான் திருத்தவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. பருத்தி ஊன்றிய கரிசல் வெடித்துக் கிடந்தது. என் தாய்மாமா பருத்திக் காட்டிலிருந்து நேராக வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏலே மருமகனே, மேல போறப்ப ரெண்டு மேகத்த நம்ம காட்டுப் பக்கம் தள்ளிவிட்டா என்ன, கை தேஞ்சா போயிரும்?"

சேலை

தரகர் புண்ணியத்தில் கோவில்பட்டியில் எனக்குப் பெண் அமைந்தது. மாமனார் சம்சாரி, நிலத்தில் பாடுபடுகிறவர். "மாப்பிள்ள சண்டைப் பிளேன் ஓட்டுதாவ" என்று பத்திரிகை வைத்த வீட்டிலெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம்தான், வேறென்ன.

குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிப்போன முதல் வாரமே மனைவியிடம் மாட்டிக்கொண்டேன். கொடியில் காய்ந்த சேலையை மடித்து வைக்கச் சொன்னாள். கட்டிலில் நீளமாக விரித்தேன். ஓரங்களை இழுத்து நேராக்கி, முனைகளில் அரிசி டப்பாவும் பருப்பு டப்பாவும் பாரம் வைத்து, உள்ளே காற்று நிற்காமல் தடவித் தடவி மடித்தேன். முடித்ததும் கை தானாகக் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடியது. கதவோரம் நின்று பார்த்தவள், "நெசமாவே பிளேன்தான் ஓட்டுதியளா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், நான் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். மூச்சு முட்டச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "எங்க அப்பா காதுக்கு மட்டும் இது போவக் கூடாது, சொல்லிட்டேன். ஊரு பூரா பெருமை பேசியிருக்காவ. தெரிஞ்சா அவியளால தெருவுல தலை நிமிந்து நடக்க முடியாது."

ஒரு பை குறைகிறது

பாராசூட் துணி நழுவாமல் இருக்க அதன்மேல் சின்னச் சின்ன ஈயப் பைகளை வைப்போம். வேலை முடிந்ததும் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால், அது எந்தப் பாராசூட்டுக்குள் போயிருக்கிறது என்று தெரியாதில்லையா? அன்று மடித்த அத்தனையையும் பிரித்தாக வேண்டும்.

ஒரு நாள் ஒன்று குறைந்தது. ஏழு பாராசூட்டைப் பிரித்தோம். ஏழு பேர் மேஜைக்கு அடியில் தவழ்ந்தோம். சாயங்காலம் வேர்வை துடைக்கக் கைக்குட்டையை உருவினேன். என் கால்சட்டைப் பையிலிருந்து ஈயப் பை 'தொப்'பென்று விழுந்தது. எங்கள் சார்ஜண்ட் மதுரைக்காரர். திட்டவில்லை, கும்பிட்டார். "தம்பி, நாளையிலருந்து ஒன் கால்சட்டைக்கும் ஒரு அட்டை போட்டு, சோதிச்சாச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டு வாப்பா."

பதக்கக்காரர்

எங்கள் தளத்தில் வீரப் பதக்கம் வாங்கிய விமானி ஒருவர் இருந்தார். தூரத்தில் நடந்து போகும்போது பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஒரு நாள் காலையில் அவர் விமானம் விழுந்துவிட்டது என்று தகவல் வந்தது. வெளியே குதித்தாரா, உயிரோடு இருக்கிறாரா, ஒன்றும் தெரியாது. விமானம் விழுந்தால் எங்கள் பிரிவுக்கு உடனே அதிகாரிகள் வந்து, அந்தப் பாராசூட்டின் அட்டையை உறையில் போட்டு ஒட்டி எடுத்துப் போவார்கள். போனது என் கையெழுத்து.

பெஞ்சில் உட்கார்ந்து அதே பாராசூட்டை மனசுக்குள் மறுபடி முதலிலிருந்து மடித்தேன். மூன்றாவது மடிப்பு மட்டும் ஞாபகத்துக்கு வரவே இல்லை. ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். குலசாமிக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டேன். அப்போதே என் தலையில் முடி கொஞ்சம்தான், அதனால் அது சாமியை ஏமாற்றும் வேலை. முக்கால் மணி நேரம் கழித்து டெலிபோன் வந்தது. பாராசூட் விரிந்திருந்தது, கால் மட்டும் முறிந்திருந்தது.

தப்பித்த விமானி, மடித்துக் கொடுத்தவனைத் தானே தேடி வந்து நன்றி சொல்வது எங்களிடம் வழக்கம். மாவுக்கட்டோடு, கட்டைகளை ஊன்றி வந்தார். சல்யூட் அடிக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் இந்தியில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "மூணு வருஷமா ஒன் கையெழுத்தப் பாக்குறேன், ஒன் மூஞ்சிய இன்னைக்குத்தான் பாக்குறேன்."

மேடை

பென்ஷன் வாங்கிக்கொண்டு கோவில்பட்டியில் குடியேறினேன். போன குடியரசு தினத்துக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். வாசலில் ஃபிளெக்ஸ். போர் விமானத்தின் முன்னால் யாருடைய உடம்பிலோ என் தலை. 'வானில் பகைவரை விரட்டிய வேங்கை' என்று போட்டிருந்தது. முன்வரிசையில் மாமனார், சொந்தக்காரர் பத்துப் பேரோடு, வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "சார், நீங்க எத்தன பிளேன சுட்டு விழ வச்சிருக்கீங்க?" மூன்றாம் வரிசையிலிருந்து மனைவி கண்ணாலேயே கெஞ்சினாள். இரண்டு என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் மாவுக்கட்டோடு வந்த மனுஷன் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. அவர் செய்ததை என் பேரில் சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. "ஒண்ணுகூட இல்லம்மா. நான் பிளேன் ஓட்டினதே இல்ல. பாராசூட் மடிச்சுக் குடுத்தேன். அதுல ஒருத்தர் உயிரோட எறங்கினாரு" என்றேன்.

மாமனார் எழுந்து விறுவிறுவென்று வெளியே போனார். பேச்சை அப்படியே விட்டுவிட்டு நான் பின்னால் ஓடினேன். என் பின்னால் மனைவி. சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நின்று வெற்றிலையைத் துப்பிக்கொண்டிருந்தார். அதற்குத்தான் எழுந்து வந்தாராம். "மாமா, மன்னிச்சிருங்க" என்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "எனக்கு நிச்சயத்துக்கு முந்தியே தெரியும் மாப்ள. ஆள் விட்டு விசாரிச்சேன். 'கீழதான் இருக்காரு, மேல ஏற மாட்டாரு'ன்னு சொன்னான். அதக் கேட்ட பொறவுதான் தாம்பூலமே மாத்தினேன். சண்டைப் பிளேன் ஓட்டுதவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

ஆக, மேலே பறந்ததாக மரியாதையும், பறக்கவே மாட்டேன் என்பதற்காகப் பெண்ணும் வாங்கிய ஒரே விமானப்படைக்காரன் நானாகத்தான் இருப்பேன்.