சாலமனின் இரண்டு விரல்கள்

எல்ராய் யாரையும் எளிதில் நம்புகிறவன் இல்லை. கடையில் வாங்கிய காபியைக்கூட மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். அதிலும் டெஷேரா வீட்டாரைக் கண்டால் அவனுக்கு ஆகவே ஆகாது. காரணம், அவன் அப்பா சாலமனின் வலது கை. கட்டை விரலும் சுண்டு விரலும்தான் அதில் மிச்சம். மற்ற மூன்றையும் சர்க்கரை ஆலையில் கரும்பு பிழியும் உருளை தின்றுவிட்டது. அன்று அங்கே மேஸ்திரி ஜோ டெஷேரா. ஜோ செத்துப் பல வருடமாகிறது. மகன் க்ளைட் இருக்கிறானே, கோபத்துக்கு அவன் போதும்.

கவாய் தீவின் வடகரையில் ஆற்றுப் பாலம் ஒற்றை வழி. ஒரு பக்கத்து வண்டிகள் கடக்கும்வரை எதிர்ப்பக்கம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவருக்குக் கடந்து வருகிறவர் ஷாகா காட்டுவார்: நடு விரல்கள் மூன்றையும் மடக்கி, மற்ற இரண்டையும் நீட்டி, லேசாக ஓர் ஆட்டு. நன்றி, பரவாயில்லை, அவசரமில்லை, இன்றைக்கு அலை நன்றாயிருக்கிறது, எல்லாம் அதற்குள் அடக்கம். பதிலுக்குக் காட்டாதவனை ஊரில் மனுஷனாகவே மதிக்கமாட்டார்கள்.

எல்ராய் தினமும் காலையில் அப்பாவை அலை பார்க்கக் கூட்டிப்போவான். க்ளைட்டின் வண்டி எதிரே கைகாட்டிக்கொண்டு வந்தால் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்பன் பறித்த விரல்களை மகன் மடக்கிக் காட்டிக் கேலி செய்கிறான் என்று வீடு போய்ச் சேரும்வரை பொருமுவான். முப்பது வருடமாக இதே கதை. பக்கத்து இருக்கையில் சாலமன் கடலைப் பார்த்துக்கொண்டு வருவார்.

போன மாதம் ஹோனலுலுவிலிருந்து நோயெலா என்றொரு பெண் வந்தாள். ஷாகா எங்கிருந்து பிறந்தது என்று எழுதுகிறாளாம். நடு விரல்கள் போன யாரோ ஒருவர் கையாட்டியதைப் பார்த்து ஊரே பழகிக்கொண்டதாம். ஊருக்கு ஒரு கதை, ஊருக்கு ஒரு விரல் போன கிழவர் இருக்கிறார் என்று சிரித்தாள். எல்ராய்க்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் கையைப் படமெடுத்து பனியனில் அச்சடித்து விற்கப்போகிறாள் என்று அவனுக்கு முதலில் தோன்றியது. அவள் கொண்டுவந்த வாழைப்பழ ரொட்டியில் ஒரு துண்டைத் தெருக்கோழிக்குப் போட்டுப் பார்த்தான். கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகும் அவன் தொடவில்லை.

யார் அனுப்பியது என்று கேட்டான்.

"க்ளைட் அங்கிள்தான். 'சாலமன் அங்கிள்கிட்டயே கேளும்மா, அவர் வாயால சொன்னாத்தான் உண்டு'ன்னாரு."

எல்ராய்க்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அதானே பார்த்தேன். செத்துப்போன அப்பன் பேரைக் கழுவ ஆள் அனுப்பியிருக்கான். எழுதிக்கோ: ஜோ டெஷேராவோட அலட்சியத்தால ஆலையில போன விரலு. அவ்ளோதான், கிளம்பு."

"ஆலையில போகலைடா," என்றார் சாலமன்.

எல்ராய் திரும்பிப் பார்த்தான். கிழவர் தன் கையைப் பார்த்தபடியே சொன்னார். ஆலையின் கிடங்கிலிருந்து வெடி திருடிக் கடலில் போட்டு மீன் பிடித்தவர் அவர். ஒருநாள் வெடி கையிலேயே வெடித்துவிட்டது. தெரிந்தால் ஜெயில். கரையில் கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் ஜோ. உருளையில் கை சிக்கியது, நான்தான் கவனிக்கவில்லை என்று போலீசுக்கும் கம்பெனிக்கும் எழுதிக்கொடுத்தவரும் ஜோ. மேஸ்திரி வேலை போய், சாகும்வரை கரும்பு வெட்டினார்.

எல்ராய் தொப்பியைக் கழற்றினான். "ஏன்ப்பா இத்தனை நாள் சொல்லலை?"

"முதல்ல ஜெயிலுக்குப் பயந்தேன். அப்புறம் உனக்குப் பயந்தேன்."

"நீங்க பக்கத்துல இருக்கும்போதேதானே தினமும் க்ளைட் கையைத் தட்டிவிட்ட மாதிரி வந்தேன்? முப்பது வருஷமாப்பா. அவன் கைகாட்டிக்கிட்டே இருந்தான், நான் ஒருநாள்கூட…"

"உனக்கா காட்டினான்? பக்கத்துல உட்கார்ந்திருந்த எனக்குடா," என்றார் சாலமன். "நீ தொப்பியை இழுத்துவிட்டுக்கிட்டதும் நானும் காட்டுவேன்."