தருமனின் கூரைப் பங்கு

முயல் வேட்டைக்குப் போகிறவர்கள் பிடிபட்டதைக் கூறு போடுவதில் ஒரு முறை உண்டு. போன ஆளுக்கு ஒரு பங்கு. வலை யாருடையதோ அவருக்குத் தனியாக ஒரு பங்கு. நாய்க்குக்கூட ஒரு பங்கு. மழைக்கும் பனிக்கும் ஒதுங்கக் கூரை சுமந்து வந்தவனுக்கும் ஒன்று உண்டு. அதைக் கூரைப் பங்கு என்பார்கள்.

அடி அண்ணாமலையில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருக்கும் தருமன், கல்யாணத்துக்கு முன்பிருந்தே கூரைப் பங்கு வாங்கியவர். அவருக்கு வேகமாக ஓட வராது, குறி பார்த்து அடிக்கவும் வராது. ஆனால் எந்தப் பாறைக்குப் பின்னால் காற்று திரும்பும், எந்தச் சரிவில் தண்ணீர் உள்ளே வராது என்று பார்த்துக் கூரையைக் கட்டிவிடுவார். ஊரில் அவர் காற்றடித்துக் கொடுப்பவர், பஞ்சர் ஒட்டுபவர். காட்டில் அவர் கட்டின கூரைக்குக் கீழேதான் மற்றவர்கள் முதுகைச் சாய்க்க வேண்டும். அந்தப் பெருமைக்காகத்தான் அவர் போனார், கறிக்காக இல்லை. வேட்டை சட்டப்படி குற்றம் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் போனார்.

கூட்டாளி சக்கரபாணி. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, ஒரே வருடம் பத்தாவதில் தோற்றவர்கள். சக்கரபாணி வீடு கட்டும் வேலையை எடுத்துச் செய்பவர், வலை அவருடையது. மூன்றாவது ஆள் கோபி, வயதில் சின்னவன், நாய் அவனுடையது. போளூர் தாண்டி ஜவ்வாது மலை அடிவாரம்வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து நடப்பார்கள்.

2004இல் லாரியிலிருந்து பழைய சைக்கிள்களை இறக்கும்போது தருமன் சறுக்கி விழுந்தார். முதுகில் பலமான அடி. இனிமேல் கனமாக எதுவும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் சுமந்து போனது பழைய லாரிப் படுதா. காய்ந்திருக்கும்போதே கனம், நனைந்தால் ஒரு ஆளைத் தூக்குவது போல இருக்கும்.

"முதுகு போன ஆளு எதுக்குண்ணே காட்டுக்கு? படுதாவ நான் தூக்கிக்கிறேன், அந்தப் பங்கையும் எனக்கே குடுத்துடுங்க" என்றான் கோபி.

"வாய மூடுடா" என்றார் சக்கரபாணி. "தருமன் எடை கம்மியா வேற கூரை ஒன்னு புடிச்சிடுவான். மழைக்காலத்துக்குள்ள புடிக்கலனா அப்புறம் பாக்கலாம்."

பரிந்து பேசியது போலத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு கெடுவும் இருந்தது. மழைக்குள் எடை குறைந்த கூரை கிடைக்காவிட்டால் தனக்கு அங்கே இடமில்லை என்று தருமனுக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து அவர் கூரை தேட ஆரம்பித்தார். அவருக்கு மூன்று விஷயம் வேண்டும். முதுகு தாங்க வேண்டும், தண்ணீர் இறங்கக் கூடாது, கடை வருமானத்துக்குள் அடங்க வேண்டும். கிடைத்ததைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைவரை நடப்பார். முதுகு வலித்தால் அது கழிந்தது. வலிக்காவிட்டால் கடைக் கம்பத்துக்கும் எதிரிலிருந்த புங்க மரத்துக்கும் நடுவே கட்டி, கீழே உட்கார்ந்து, மனைவி சந்திரகலாவைக் குடத்தோடு கூப்பிடுவார்.

"பொண்ணு பாக்க வந்தப்பகூட நீ இவ்ளோ பொறுமையா பாக்கல. ஊத்தட்டா?" என்பாள் சந்திரகலா.

"மெதுவா ஊத்து. மழ பெய்யற மாதிரி."

"மழகிட்டயே போய் சொல்லு, மெதுவா பெய்யின்னு." முழுக் குடத்தையும் ஒரேயடியாகக் கவிழ்ப்பாள்.

முதலில் நீல நிறப் பிளாஸ்டிக் தாள் வாங்கினார். எடையே இல்லை, விலையும் கம்மி. ஆனால் சின்னக் காற்றுக்கே படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு முயல் பக்கத்து மாவட்டத்துக்கே ஓடிவிடும். ஒரு கருவேல முள் பட்டதும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கிழிந்து போனது.

பிறகு டவுனில் படுதா தைக்கும் அப்துல் பாயிடம் போனார். அவர் காடாத் துணியில் மெழுகு ஏற்றிக் கொடுத்தார். குடம் குடமாக ஊற்றியும் ஒரு சொட்டு இறங்கவில்லை. தருமன் அதைக் கடைக் கூரை மேல் காயப் போட்டார். திருவண்ணாமலை வெயிலில் மெழுகு உருகி வழிந்து, வாடகைக்கு நின்ற சைக்கிள்களின் சீட்டில் எல்லாம் ஒட்டிக்கொண்டது.

"பாய், துணி இப்ப சல்லடையாட்டம் இருக்குது" என்றார் தருமன்.

"நான் மழைக்குத்தானப்பா தெச்சேன். வெயிலுக்கு நீ சொல்லவே இல்லியே" என்று சிரித்தார் பாய்.

மூன்றாவதாக, சைக்கிள் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் ஊருக்குத் திரும்பும்போது தன் நைலான் கூடாரத்தைக் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். குழந்தையைத் தூக்குவது போல அவ்வளவு லேசாக இருந்தது. தருமன் உள்ளே நுழைந்து ஒரு மதியம் படுத்துப் பார்த்தார். மூச்சுக்காற்றே தண்ணீராகி மேலிருந்து சொட்டியது. ஒரு ஆள் படுக்கலாம், மூன்று பேர் உட்காரக்கூட முடியாது. வளைத்துச் சொருகும் குச்சி ஒன்று வேறு விரிசல் விட்டிருந்தது. அது ஒடிந்தால் நம் ஊரில் எங்கே வாங்குவது? மனசில்லாமல்தான் திருப்பிக் கொடுத்தார்.

இதற்குள் ஆடி முடிந்து, மலைப் பக்கம் மேகம் கூட ஆரம்பித்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் சக்கரபாணி வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் குடி போனார். அப்போது ஃப்ளெக்ஸ் பேனர் எங்கள் பக்கம் புதிதாக வந்திருந்தது. காதுகுத்து, கல்யாணம், மஞ்சள் நீராட்டு என்று எதற்கும் ஆள் உயரத்துக்குப் படம் போட்டு வைத்தார்கள். சக்கரபாணியும் பெரிதாக ஒன்று வைத்தார். இடது பக்கம் அவர் கும்பிட்டபடி நிற்பார், கீழே பேரும் விலாசமும். மேலே முழு நீளத்துக்குப் 'புதுமனை புகுவிழா' என்று சிவப்பு எழுத்து. வலது பக்கக் கீழ் மூலையில் 'வாழ்த்தும் நண்பன்: தருமன், சைக்கிள் கடை, அடி அண்ணாமலை' என்று மீசையோடு தருமன் படம். தன் படத்தை அவ்வளவு பெரிதாக அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. அதன் எதிரில் நின்று சந்திரகலாவுக்கு இரண்டு முறை காட்டினார்.

விழா முடிந்த மறு வாரம், சக்கரபாணி அந்தப் பேனரைச் சுருட்டிச் சைக்கிள் கடைக்கே கொண்டுவந்தார்.

"ஊரெல்லாம் தேடினியே, இந்தா. தண்ணி எறங்காது. காத்துக்கு அடிச்சிக்காது. சீக்கிரத்துல கிழியவும் கிழியாதுடா."

தருமன் தோளில் போட்டு ஏரிக்கரைவரை நடந்தார். முதுகு ஒன்றும் சொல்லவில்லை. சந்திரகலா குடத்தைக் கவிழ்த்தாள். அடியில் உட்கார்ந்திருந்தவர் நனையாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கயிறு கோக்க ஓட்ட போடணும், ஓரம் மடிச்சித் தெக்கணும். நானே பாய்கிட்ட குடுத்து வாங்கியாரேன்" என்று சக்கரபாணி எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது இடது பக்கம் இல்லை. கும்பிடும் சக்கரபாணி, பேர், விலாசம், 'புதுமனை' என்ற எழுத்து எல்லாம் வெட்டப்பட்டிருந்தன. மிச்சத்தில் 'புகுவிழா' இருந்தது, பேனர் அடித்தவர்கள் போட்ட ஏதோ ஒரு வீட்டின் படம் இருந்தது, மூலையில் தருமன் இருந்தார்.

"எங்கடா உன்னக் காணோம்?"

"எடைடா, எடை. உம் முதுகுக்காகத்தான் வெட்டச் சொன்னேன். மூனு பேருக்கு இது போதும்."

தனக்காக ஒருவன் தன் படத்தையே வெட்டிக்கொண்டானே என்று தருமன் வெட்டின ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

முதல் பயணத்திலேயே நல்ல மழை பிடித்துக்கொண்டது. பச்சைக்கு நடுவே பளிச்சென்று தெரியக் கூடாது என்று, சாம்பல் நிறப் பின்பக்கம் வெளியேயும் படம் உள்ளேயும் வருமாறு தருமன் கட்டியிருந்தார். ஆக, படுத்தால் மேலே தருமன் முகம்.

"இன்னாடா இது, உம் மூஞ்சியப் பாத்துக்கினே படுக்கணுமா? கனவுல வேற வந்துடப் போற" என்றார் சக்கரபாணி.

"அண்ணி எப்படிண்ணே சமாளிக்கிறாங்க?" என்றான் கோபி.

நாய்கூட நனையவில்லை. அன்று கூறு போட்டபோது கூரைப் பங்கை முதலில் எடுத்து தருமன் கையில் கொடுத்தான் கோபி. "நீ இல்லாம இனிமே காடே கெடையாதுண்ணே" என்றான். ஊருக்கு வந்து இதைச் சந்திரகலாவிடம் மூன்று முறை சொன்னார் தருமன்.

அடுத்த முறை போனபோது, விடிந்து வலையை மடக்கிக்கொண்டிருந்த நேரத்தில் சக்கரபாணி சரிவிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"பாரஸ்ட்டுக்காரங்க வராங்க! கெளம்பு, கெளம்பு!"

தருமன் கூரையின் முடிச்சை அவிழ்க்கப் போனார்.

"அத வுடுடா. உன்னால தூக்கிக்கினு ஓட முடியுமா? நான் சுருட்டிக்கினு வரேன். நீயும் கோபியும் ஓடுங்க."

"மறக்காம எடுத்துக்கோடா. எம் பேரு இருக்குது அதுல."

"தெரியும்டா. போ!"

தருமன் முதுகைப் பிடித்துக்கொண்டு ஓடினார். பஸ் நிற்கும் இடத்தில் வெகுநேரம் காத்திருந்த பிறகு சக்கரபாணி வந்தார். தோளில் வலை மட்டும் இருந்தது. கூரையைத் தூக்கிவர வழியில்லை, ஓடையில் கல்லுக்கடியில் புதைத்துவிட்டேன், யார் கண்ணிலும் படாது என்றார். வலையை எடுக்க நேரம் இருந்தவனுக்குக் கூரையை எடுக்க நேரம் இல்லையா என்று அப்போது தருமனுக்குத் தோன்றவில்லை.

சில நாள் கழித்து வனத்துறைக்காரர்கள் நேராகச் சைக்கிள் கடைக்கு வந்தார்கள். விலாசம் விசாரிக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. அதிகாரி ஃப்ளெக்ஸைக் கடை வாசலில் விரித்தார். மண் ஒட்டியிருக்கவில்லை, ஈரமும் இல்லை. கட்டியிருந்த கயிறுகூட அப்படியே இருந்தது. படத்தைப் பார்த்தார், இப்போது மீசையை மழித்திருந்த தருமனைப் பார்த்தார்.

"மீசைய மட்டும் எடுத்துட்டா தப்பிச்சிடலாம்னு பாத்தியா?"

தருமன் மேலுதட்டைத் தடவிக்கொண்டார்.

"கூட யாரு வந்தாங்க? இது யார் வீட்டு விழா?"

"நான் மட்டும்தாங்க சார். பேனர் ரோட்டோரம் கெடந்துச்சு, எடுத்துக்கினேன்."

"ரோட்டோரம் கெடந்த பேனர்ல உம் படமா?"

அவர் எத்தனை முறை கேட்டும் தருமன் சக்கரபாணி பேரையோ கோபி பேரையோ சொல்லவில்லை. அபராதம் போட்டார்கள். இனி காட்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். ஃப்ளெக்ஸ் சாட்சியாக அவர்கள் ஆபீசில் தங்கிவிட்டது. கடைத்தெருவில் ஒரு வாரம் முழுக்க அதே பேச்சுதான். சந்திரகலா மட்டும் ஒன்றும் கேட்காமல் சோறு போட்டாள். அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. சக்கரபாணி அந்தப் பக்கமே வரவில்லை. தன்னால் அவனுக்கும் சங்கடம் வந்துவிடக் கூடாது என்று விலகி இருக்கிறான் போல, என்று தருமன் நினைத்துக்கொண்டார்.

கார்த்திகை தீபத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு காலையில் கடையைத் திறந்தபோது கிரிவலப் பாதையில் சக்கரபாணி சைக்கிளில் போனார். காக்கிச் சட்டை போட்டிருந்தார். அண்ணாமலையின் அடிவாரக் காட்டில் வேட்டைத் தடுப்புக் காவலர் வேலை, தற்காலிகம்தான், ஆனால் பின்னால் நிரந்தரம் ஆகலாம் என்று கோபி வந்து சொன்னான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"எப்ப எழுதிப் போட்டானாம்?"

"வீடு கட்டும்போதே போட்டாராம்ணே. எனக்கும் இப்பத்தான் தெரியும். காட்டுல அவுங்க வந்தத நான் பாக்கலண்ணே. நீங்க பாத்தீங்களா?"

தருமனும் பார்க்கவில்லை. அன்று சரிவில் யாரையும் பார்த்தது சக்கரபாணி ஒருவர்தான்.

தருமன் கடையைப் பூட்டிவிட்டு நேராக டவுனுக்குப் போனார். அப்துல் பாய் தையல் மிஷினை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"பாய், அந்தப் பேனர வெட்டச் சொல்லும்போது அவன் இன்னா சொன்னான்?"

"எடை கம்மி பண்ணணும்னாருப்பா. நான் சொன்னேன், அப்ப இந்த மூலையில தருமன் படம் இருக்குதே, அதையும் சேத்து வெட்டிடறேன், இன்னும் லேசாகுமேன்னு. வேணாம் பாய், அது இருக்கட்டும், அவன் படம்னா அவனுக்கு சந்தோஷம், அப்படின்னாரு."

தருமன் பெஞ்சில் உட்கார்ந்தார். பாய் தண்ணீர் கொடுத்தார். பிறகு உள்ளே போய், மூட்டை கட்ட உதவும் என்று எடுத்து வைத்திருந்த வெட்டுத் துண்டைக் கொண்டுவந்தார். ஆள் உயரத்துக்குச் சக்கரபாணி கும்பிட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் 'புதுமனை' என்று சிவப்பு எழுத்து இருந்தது.

"ஆபீஸ்ல இருக்கறதோட சேத்து வெச்சா ஓரம் சரியா பொருந்தும். எடுத்துக்கினு போ. அவன் வேல ஒரு நாள் தாங்காது" என்றார் பாய்.

தருமன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். ஆபீசுக்குப் போகும் ரோடு பிரியும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கடைக்கு வந்தார். வாசலில் வெயில் அடிக்கும் பக்கம், இரண்டு கம்பம் நட்டு அதைக் கட்டினார். இந்த முறை படத்தை உள்பக்கம் மறைக்கவில்லை, ரோட்டைப் பார்க்க வைத்தார்.

மறுநாள் காலையில் சக்கரபாணியின் சைக்கிள் அங்கே வந்ததும் தானாக நின்றது.

"தருமா. அவுறுடா அத."

"ஏன்டா? உம் மூஞ்சி நல்லாத்தான கீது?"

"ஆபீசர் இந்தப் பக்கம் வருவாருடா." சக்கரபாணி குரலைத் தாழ்த்தினார். "உனக்குத்தான் முதுகு போயிடுச்சு. எப்படியும் நீ விடப்போற வேட்ட. எனக்கு வீட்டுக் கடன், புள்ளைங்க... ஒரு கேஸ் புடிச்சிக் குடுத்தா வேல நிச்சயம்னு நெனச்சேன். உன்ன திட்டி அனுப்பிடுவாங்கன்னுதான்டா நெனச்சேன்."

"நான் உம் பேர சொல்லல. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

சக்கரபாணி ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஆபீசுக்குப் போவியா?"

"போகமாட்டேன்."

"அப்ப எதுக்குடா இது? எத்தன நாளைக்குக் கட்டி வெச்சிருப்ப?"

தருமன் ஒரு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, நிமிராமலே சொன்னார்.

"கிழியற வரைக்கும். சீக்கிரத்துல கிழியாதுன்னு நீதானடா சொன்ன."