புகைத்தவன் நான், இருமியவள் அக்கா

என் அக்கா ஆயுசில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் புகைத்தவன் நான் ஒருவன்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மனைவி என்னைப் பிரிந்து போனபோது எனக்கு நாற்பது வயது. பிள்ளைகள் இல்லை. ஒரே ஒரு பெட்டியோடு பாளையங்கோட்டையில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்குச் சேரன்மகாதேவியில் பாசனப் பிரிவு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. "ஒன் மனசு ஆறுத வரைக்கும் இங்கன இரு" என்றாள். இருபது வருடம் தாண்டியும் அங்கேதான் இருந்தேன்.

நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. காலையில் ஒரே நேரத்தில் கிளம்புவோம். மாலையில் அவள் அடுக்களை மேஜையில் பரீட்சைத் தாள்களைத் திருத்துவாள். அங்கேதான் ஜன்னல் வழியாக வெளிச்சம் நன்றாக வரும். நான் அந்த ஜன்னலுக்கு நேர் கீழே, புறவாசல் படியில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைப்பேன். வந்த புதிதில் இரண்டு மூன்று தடவை, "உள்ள வருதுலே" என்று சொன்னாள். நான் படியில் ஒரு எட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். புகை தள்ளி உட்காரவில்லை. பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள். துண்டுகளைப் போடுவதற்கு ஒரு பால்பவுடர் டப்பாவில் மணல் நிரப்பி அவளே கொண்டுவந்து வைத்தாள்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் இருமல் தொடங்கியது. அக்கா கோயில் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்தே பாடுகிறவள். அன்றைக்கு ஒத்திகை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாட்டுக்கு நடுவுல மூச்சு எட்ட மாட்டேங்குலே."

"பனிக்காத்து. வேற என்ன" என்றேன்.

பனி போயிற்று. இருமல் போகவில்லை. காசநோயாக இருக்குமோ என்று சளியைச் சோதித்தார்கள், இல்லை என்றார்கள். ஸ்கேனில் வலது நுரையீரலில் ஒரு கட்டி தெரிந்தது. ஊசி போட்டு அதில் கொஞ்சம் சதை எடுத்தார்கள். புற்றுநோய்தான் என்று உறுதியானது.

டாக்டர் இளம்பெண். அக்காவிடம் படித்தவளாக இருக்கலாம் என்று தோன்றும் வயது. கோப்பைப் பார்த்துக்கொண்டே, "வீட்டுல யாருக்காவது புகைப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

"எனக்குக் கிடையாது டாக்டர்" என்றாள் அக்கா.

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நான் பிடிப்பேன்" என்றேன். என் விரல் நுனியில் இருந்த மஞ்சளை அவர் அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார்.

எடுத்த சதையை வெளியூருக்கு அனுப்பி மரபணுச் சோதனை செய்யவேண்டும் என்றார். முடிவு வர இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரமும் நான் புறவாசலில் உட்காரவில்லை. தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போய் சிகரெட் குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வருவேன். ஒரு நாள் சட்டையை மாட்டும்போது அக்கா கேட்டாள்.

"எதுக்குலே வெயில்ல அலையுத? எப்பவும் போல பொறவாசல்லயே குடியேன். இனி புதுசா என்ன வந்துரப் போவுது?"

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அப்போதும் நான் கடைக்குப் போனேன். போய்க் குடித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

முடிவு வந்த அன்று டாக்டர் முகம் கொஞ்சம் தெளிவாக இருந்தது. "கட்டியோட செல்லுல ஒரு மரபணு மாறியிருக்கு. பிறவியிலேயே இருந்தது இல்ல, குடும்பத்துல வர்றதும் இல்ல. பின்னால அந்த செல்லுல ஏற்பட்டது. புகையே பிடிக்காதவங்ககிட்டதான் இதை அதிகமாப் பார்க்குறோம். இந்த மாற்றத்துக்குன்னே மாத்திரை இருக்கு. முழுசாக் குணமாக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா நல்லாக் கட்டுப்படுத்தும்."

அக்கா மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று கேட்டாள். எனக்கு வேறு ஒன்று கேட்கவேண்டியிருந்தது.

"என் புகையால வந்ததா டாக்டர்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பக்கத்துல இருக்குறவங்க விடுற புகையும் நுரையீரலுக்கு ஆபத்துதான் சார். அதை மறைக்க மாட்டேன். ஆனா இவங்களுக்கு அதனாலதான் வந்ததா இல்லையான்னு எந்தச் சோதனையும் சொல்லாது. எனக்குத் தெரியாது."

ஆமாம் என்றிருந்தால் அழுதிருப்பேன். இல்லை என்றிருந்தால் அன்று இரவு தூங்கியிருப்பேன். தெரியாது என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு விளங்கவில்லை.

ஆட்டோவில் அக்கா வெளியே பார்த்தபடி வந்தாள். வண்ணார்பேட்டைப் பாலத்தில் வண்டிகள் தேங்கி நின்றன. கீழே ஆற்றில் யாரோ துணி அலசிக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாதுன்னு சொல்லிட்டாவல்லா. அதோட விடு" என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்தச் சிகரெட்டுச் சவத்தையும் விட்டுத் தொலை. எனக்காவ இல்ல. இன்னைக்கு எனக்குத் துணைக்கு நீ வந்த. நாளைக்கு ஒனக்கு இப்படி ஒண்ணு வந்தா, கூட வர ஆளு கெடையாதுலே."

அன்றைக்கு விட்டேன். டாக்டர் மெல்லுவதற்கு நிக்கோட்டின் சூயிங்கம் எழுதிக்கொடுத்தார். முதல் வாரம் குழம்பில் உப்புக் குறைந்ததற்காக, நோயாளியான அக்காவைப் பார்த்துக் கத்தினேன். அவள் உப்பு ஜாடியை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுத் தன் பாட்டுக்குச் சாப்பிட்டாள். மூன்றாம் வாரம் ஒரு சிகரெட் குடித்தேன். மறுநாள் முதலிலிருந்து தொடங்கினேன்.

வேலைக்குப் போன காலத்திலிருந்தே, சாயங்காலம் வீடு திரும்பும் முன் பெட்டிக்கடையில் என்னோடு மூன்று பேர் நிற்பார்கள். பதினைந்து வருடப் பழக்கம். ஒரு நாள் போய், குடிக்காமல் நின்று பார்த்தேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "என்னவே, விட்டுட்டீராமே" என்று ஒருவர் கேட்டார். "ஆமா" என்றேன். அதற்கு மேல் எங்களுக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை. அவர்கள் பற்றவைத்தார்கள், புகை என் மேல் படாமல் இருக்க மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் விடைபெற்று வந்தேன். பிறகு அங்கே போகவில்லை. அவர்களும் என்னைத் தேடவில்லை.

இரண்டு மாதத்தில் காலைச் சளி குறைந்தது. மூக்கு திரும்பிவந்தது. கறிவேப்பிலை வாசம் எட்டு வீடு தள்ளியே தெரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு நாள் அலுவலகத்துக்குப் போட்ட பழைய சட்டைகளை எடுக்க என் பெட்டியைத் திறந்தேன். துவைத்து மடித்த சட்டைகள்தான். அதிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பியது. ஈரச் சாம்பலும் வேர்வையும் கலந்த, கசந்த நாற்றம். ஒரு நிமிடம் என்னவென்றே புரியவில்லை. பிறகு புரிந்தது, அது நான். இருபது வருடமாக இந்த வீட்டில் அக்கா சுவாசித்தது இதைத்தான். ஒரு சட்டையை மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுக்களையில் அவள் மிக்ஸி ஓட்டும் சத்தம் கேட்டது. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மாத்திரை வேலை செய்தது. முகத்தில் கொப்புளம் கொப்புளமாக வந்தபோது அக்கா கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். "வயசுக்காலத்துல பருவு வந்திருக்கு பாரு." நகக்கண் புண்ணாகி அரிவாள்மனை பிடிக்க முடியாமல் போனது, காய் நறுக்குவது என் வேலையாயிற்று. இருமல் நின்றது. அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பாடினாள். அதற்கடுத்த வருடமும் பாடினாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து அவள் குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்கப் பார்ப்பேன். சில சமயம் கிடைக்கும்.

மூன்றாம் வருடம் கட்டி மறுபடி வளர்ந்தது. மாத்திரைக்கு அது பழகிவிட்டது என்றார் டாக்டர். மருந்து மாற்றினார்கள். ஐப்பசி மழையில், ஆறு கரை தொட்டு ஓடிய ஒரு காலையில் அக்கா போய்விட்டாள். என் புகையைப் பற்றி நாங்கள் கடைசிவரை பேசவில்லை. பேசியிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று ஊகிக்க முடியும். ஊகம் எதற்கு உதவும்?

போன மாதம் எனக்கு ஊதும் சோதனை செய்தார்கள். குழாயை வாயில் வைத்து, இழுத்த மூச்சை ஒரே வீச்சில் ஊத வேண்டும். அதே டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "நல்ல முன்னேற்றம் சார். நீங்க விட்டது வீண் போகல. ஆனா இத்தனை வருஷம் குடிச்சது முழுசா அழிஞ்சுடாது. வருஷா வருஷம் வந்து காட்டுங்க" என்றார். அக்காவைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். நான் எழுந்துகொண்டேன்.

வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. சேரன்மகாதேவி பஸ் நின்றது, ஏறிவிட்டேன். என் பழைய அலுவலகத்தில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. வாய்க்கால் கரையோடு நடந்தேன். நாற்று நட்டு சில நாளான வயல்கள். அரை மணி நேரம் எங்கும் நிற்காமல் நடந்தேன். மூச்சு வாங்கவில்லை. திரும்பிப்போக பஸ்ஸுக்கு நேரமிருந்தது. மதகுக் கட்டையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.