மயில்கழுத்து நிறத்தில் ஒரு கியர்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், ராணுவ லாரிக்கு வேண்டிய கியர் ஒன்று மலாக்காவின் காஜா பேராங்கில், குவே பலகாரம் சுடும் கரியடுப்பில் வெந்தது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வேகவைத்தவள் நான்தான். எனக்கு அப்போது எட்டு வயது.

சித்தப்பா, இன்னும் வெள்ளைக்காரர் கையில் இருந்த ராணுவ முகாமின் பட்டறையில் மெக்கானிக். சின்னக் கியர் ஒன்று உடைந்தாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவேண்டும். அதுவரை லாரி படுத்துக் கிடக்கும். "நாடு நம்ம கைக்கு வந்துருச்சு, கியர் மட்டும் கப்பல்ல வரணுமா?" என்று வீட்டில் பொருமிக்கொண்டிருந்தவர், ஒருநாள் அதை வெள்ளைக்கார அதிகாரியிடமே கேட்டுவிட்டார். செய்து காட்டு, ஓடினால் இனி இங்கேயே செய்யலாம் என்று அவர் நாள் குறித்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எங்கள் குடும்ப வழக்கம்.

பழைய அச்சுத் தண்டை வெட்டி, ஒரு மாதம் அரத்தால் ராவி, பல் பல்லாக எடுத்தார் சித்தப்பா. பழுக்கக் காய்ச்சி, தீபாவளிக்கு என்று அம்மா வைத்திருந்த நல்லெண்ணெயில் முக்கினார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அப்படி முக்கி எடுத்த இரும்பு கண்ணாடி மாதிரி உடையுமாம்; மறுபடி இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்த வேண்டுமாம். அதற்குத்தான் பக்கத்தில், தமிழ் மறந்து மலாய் பேசும் மலாக்கா செட்டி வீட்டு அம்மாவின் அடுப்பு.

சோதனை நாள் காலையில் கியரை மினுக்கி அடுப்பில் வைத்தார். அந்த நேரம் பார்த்து முகாம் டிரைவர் வாசலில் வந்து நின்றார். அதிகாரி அவசரப்படுகிறாராம், உடனே கிளம்ப வேண்டுமாம்.

"வைக்கோல் நிறம் வந்ததும் கூப்பிடும்மா. அதுக்கு மேல விட்டா இளகிப்போயிடும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சித்தப்பா டிரைவரோடு பேச வாசலுக்குப் போனார்.

வைக்கோல் நிறம் வந்தது. செட்டி வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, வெந்துவிட்டது என்று மலாயில் சொன்னார். நான் கூப்பிட வாயெடுப்பதற்குள் ஓரத்தில் ஊதா படர்ந்தது; பின்னாலேயே நீலம். இரும்புக்குள் ஒரு மயில் இருக்கும் என்று யார் கண்டது? முழுக்க நீலமாகட்டும், சித்தப்பா அசந்துபோவார் என்று காத்திருந்தேன்.

வந்தவர் கியரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்கா சித்தப்பா?"

"ரொம்ப அழகா இருக்கும்மா" என்றார். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு டிரைவரோடு போனார்.

லாரி ஓடியது. முதல் மேட்டில் பற்கள் மழுங்கி நின்றும்விட்டது. புதுக் கியருக்கு இங்கிலாந்துக்கே எழுதச் சொல்லிவிட்டார் அதிகாரி.

என்ன ஆச்சு என்று சாயங்காலம் அப்பா கேட்டார். "எனக்குத்தான் சூடு பார்க்கத் தெரியலண்ணே" என்றார் சித்தப்பா, சோற்றைப் பிசைந்தபடி. எனக்குப் பாவமாக இருந்தது. என் அப்பளத்தை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். அவர் அதை உடைத்து, பெரிய பாதியை எனக்கே கொடுத்தார்.

வைக்கோல் நிறத்தைச் சொல்லிக்கொடுத்தவருக்கு நீலம் தெரியாமலா இருக்கும்? சித்தப்பா காலமான பிறகுதான் எனக்கு இது உறைத்தது. அதுவரைக்கும், அன்று அவரைத் தேற்றியவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.