பேச முடிகிற வேகத்தில் ஓடிய மரியான்

என் வாழ்நாளில் நானே எழுத்துக் கூட்டிப் படித்த முதல் கடிதம், மரியான் இறந்துபோன செய்தி. கொஞ்ச நாள் முன் அவரைக் கொச்சிக்கு அழைத்துப்போன மகன் அங்கிருந்து தபால் அட்டை எழுதியிருந்தான். வாசித்துத் தர ஆள் தேடாமல் வாசற்படியில் உட்கார்ந்தேன். இந்த வயதில் படித்த எழுத்து ஒவ்வொன்றும் பிடிபடப் பிடிபட எனக்குச் சந்தோஷம். 'காய்ச்சலில்' என்பதை இரண்டு முறை வாசித்தேன். 'காலமானார்' என்பதை முடித்த பிறகும் சிறிது நேரம் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பொருள் பின்னால் வந்தது.

அவரை அறிந்த கடியப்பட்டணத்துக்காரர்களுக்காக இதை என் கையாலேயே எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது. வரி கோணினாலும் எழுத்து என்னுடையது.

சுதந்திரம் வந்த வருஷம் பட்டாளத்திலிருந்து திரும்பிய மரியான், காலையில் கடற்கரையில் ஓட ஆரம்பித்தார். தோளில் வலை இல்லை, தலையில் மீன்கூடை இல்லை. வெறுங்கையோடு ஓடும் ஆளை நாம் அதற்கு முன் பார்த்ததில்லை. "வெள்ளக்காரன் போட்ட சோறு இன்னும் செரிக்கல்ல" என்று சிரித்தோம். நானும் சிரித்தவன்தான்.

அடுத்த ஆனியில் என் மகன் அந்தோணியின் வள்ளம் கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை. அதன் பிறகு நான் கடலுக்குப் போகவில்லை, உறங்கவும் இல்லை. பீடியும் எதிர்ச் சுவரும்தான். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். செபமாலையைத் தொட மனம் வராது. ஒரு விடியற்காலையில் மரியான் வந்து என் பாயைச் சுருட்டினார்.

"எழும்பும் அண்ணே, ஓடலாம்."

"நான் எங்கலே ஓட? நடக்கவே சீவன் இல்ல."

"நடக்குததவிட கொஞ்சம் வேகம் போதும். ஓடும்போ பேச முடியணும். முடியல்லன்னா வேகம் கூடிப்போச்சு."

"ஒனக்கிட்ட பேச எனக்கு என்ன இருக்கு?"

"அப்ப செபமாலை சொல்லும்."

"நான் அத இப்ப சொல்லுததில்ல."

"யாருக்காகவும் சொல்லண்டாம். மூச்சு அளக்கச் சொல்லும்."

அப்படியே ஓடினோம். ஒவ்வொரு செபத்திலும் அவர் ஒரு பாதி சொல்ல, நான் மறுபாதி சொன்னேன். மாதா கோயிலை நெருங்கும்போது பின்னால் கூச்சல். பெண்கள் தலைவிரிகோலமாக ஓடி வந்தார்கள். செபம் சொல்லிக்கொண்டு கரையிலிருந்து கோயிலுக்கு ஒருவன் ஓடினால் நம் ஊரில் அதற்கு ஒரே பொருள்தான்: கடலில் வள்ளம் கவிழ்ந்துவிட்டது. இருவரும் அதை மறந்துவிட்டோம்.

"யாருக்க வள்ளம்லே?" மரியானின் அக்காள் ரோசம்மா மாரில் அடித்துக்கொண்டு கேட்டாள்.

"வள்ளமெல்லாம் கரையில கெடக்கு அக்கா. நாங்க சும்மா ஓடுதோம்."

"சும்மா ஓடுததுக்கு மாதாவ எதுக்குலே கூப்பிடுத, கிறுக்குப் பயலே!"

ஈர மணலை வாரி அவர் முதுகில் எறிந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தோணியின் வள்ளம் கவிழ்ந்த அன்று அதே வழியில் அதே செபத்தோடு ஓடியவன் நான். மரியான் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் முதல் எதிர்ப்பக்கம், வள்ளியாறு கடலில் சேரும் இடம்வரை ஓடினோம்.

முதலில் கால்வலி மட்டும்தான் மிச்சம். பிறகு கஞ்சி ருசித்தது. மூச்சிரைப்பு தணிந்தது. பீடி தானாகப் பாதியானது. ஒரு நாள் அவர் வந்து தட்டியபோது நான் நல்ல உறக்கம். எழுப்பாமல் திரும்பிப் போய்விட்டார். பிறகு கேட்டதற்கு, "ஓடுததே ஒறங்கத்தானே அண்ணே" என்றார்.

அவருக்கான பூசை முடிந்து வரும்போது சாயாக்கடையில் ஒருவர், "இவ்வளவு ஓடியும் காய்ச்சல் கொண்டுபோச்சே" என்றார். மரியானிடம் நானே ஒருமுறை இப்படிக் கிண்டலாகக் கேட்டிருக்கிறேன். "சாகாம இருக்கலாம்னு நான் எப்ப சொன்னேன்? சாகுதது வர ஆளா நடமாடலாம், அவ்வளவுதான்" என்றார்.

அவர் கொச்சிக்குப் போன பிறகும் செபம் இல்லாமல் தனியாக ஓடிக்கொண்டிருந்த நான், அட்டை வந்த நாளிலிருந்து ஓடவில்லை. களைப்பு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்தேன். பூசைக்கு மறுநாள், மீண்டும் பழையபடி ஆகிவிடுவேனோ என்று பயந்துபோய்த்தான் எழுந்தேன். தனியாக ஓடினேன். கிழவன் ஓட்டம், நண்டுகூட முந்திப்போகும். இரண்டு பாதியையும் நானே சொன்னேன். இத்தனை வருஷம் மூச்சு அளக்க மட்டும் சொன்னதை அன்று மரியானுக்காகச் சொன்னேன். ஆற்றுமுகத்தில் திரும்பும்போது அந்தோணியின் பெயரும் வாயில் வந்தது. தடுக்கவில்லை.

மரியான் கொடுத்து என்னிடம் இருப்பவை காலையில் ஒரு பசி, இரவில் கொஞ்சம் உறக்கம், மகன் பெயரை முழுதாகச் சொல்லி முடிக்கும் அளவுக்கு மூச்சு.