மீதிப் பழத்தைத் தின்றவர்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில், நாகலாபுரம் மலைப்பக்கம் போய்விட்டுத் திருவள்ளூர் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். மலையில் பறித்த மஞ்சள் பழங்களைத் தின்றுகொண்டே வந்த என் மனைவி, ஊத்துக்கோட்டை தாண்டியதும் வாந்தியெடுத்தாள்.

"பேர் தெரியாத பழத்தையா துன்னே?" என்று பின்சீட்டு அம்மாள் கேட்டதும் மிச்சப் பழங்களைப் பையிலிருந்து எடுத்தேன்.

பக்கத்தில் பழவேற்காட்டு வியாபாரி ஒருவர் இருந்தார். தேன், கடுக்காய் என்று மலைச்சரக்கு வாங்கி விற்பவராம். வெள்ளைத் தொப்பி, மருதாணி பூசிய தாடி. எதைக் கையில் வாங்கினாலும் முகர்ந்து பார்ப்பார். கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டைக்கூட முகர்ந்தார்.

நான் நீட்டிய இரண்டு பழங்களில் ஒன்றைப் பிதுக்கினார். பளபளவென்று ஒற்றை விதை வந்தது. விரலில் பால் பிசுபிசுத்தது.

"விஷமா பாய்? இவளுக்கு இது மூணாம் மாசம்."

"கொட்டைய மட்டும் வெச்சி சொல்லக்கூடாது தம்பி. எல இருக்குதா?"

பையைக் கொட்டினேன். காம்போடு ஒடிந்து வந்த ஓர் இலை கிடைத்தது. அதன் நுனியைத் தடவினார். கூராக இல்லாமல் உள்வாங்கியிருந்தது.

"பாலைப்பழம்மா, துன்ற பழந்தான். இது மசக்கை வாந்தி."

அவள் நம்பாமல் அழுதாள். மீதிப் பழத்தை அவரே வாயில் போட்டு மென்றார்.

"இன்னா, நான் செத்தா பூட்டேன்?"

அவள் சிரித்துவிட்டாள். திருவள்ளூரில் இறங்கியதும் அவர் என்னைத் தனியே இழுத்து, "எதுக்கும் ஆஸ்பத்திரில ஒரு தபா காட்டிடு" என்றார்.

காட்டினோம். ஒன்றுமில்லை. மகளும் நல்லபடியாகப் பிறந்தாள். ஆனால் அந்தப் பழத்தை அவர் நிச்சயமாகத் தெரிந்துதான் தின்றாரா, அவள் அழுகை பொறுக்காமல் தின்றாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.